வரி வாசல் – 17: சண்டர்லாந்துக்கு வராத கார்

பிரிட்டிஷ் லேலண்ட் நொடித்துப்போய் அரசாங்கத்தின் மடியில் விழுந்த 1975-ஆம் ஆண்டோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். லேலண்ட் என்ற பெயர் நமக்கு அந்நியமல்ல. எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்த அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்டாக மாறியது அந்தக் குடும்பத்தோடு சம்பந்தம் வைத்துக்கொண்டதால்தான். அம்பாசடருக்குத் தாய் மாடலான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று நம் தாத்தாக்கள் ஏறிப் போன கார்கள் பலவற்றுக்கு அங்கேதான் பூர்விகம்.

1972-ல் பிரிட்டன் 19 லட்சத்துச் சொச்சம் கார்களைத் தயாரித்தது. அந்த எண்ணிக்கையை அதன்பிறகு அது தொட்டதே இல்லை. மறு ஆண்டு, 1973 ஜனவரி 1 அன்று, ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. பத்தே ஆண்டுகளில், 1982-ல், தயாரிப்பு 9 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. கூட்டணியில் சேர்ந்ததால் வந்த வினையா? கொஞ்சம் அதுவும் உண்டு. வரிச்சுவர் இறங்கியதும் ரெனோவும் ஃபியட்டும் ஃபோக்ஸ்வேகனும் உள்ளே நுழைந்தன. ஓயாத வேலைநிறுத்தம், சரியாகச் சாத்தாத கதவுகள், எண்ணெய் நெருக்கடி எல்லாம் சேர்ந்து மீதி வேலையை முடித்தன. இதை முதலிலேயே சொல்லிவைக்கக் காரணம் உண்டு. கூட்டணியில் இருந்தால் வாழ்வு, விலகினால் சாவு என்று ஒரே வரியில் முடித்துவிட இந்தக் கதை இடம் கொடுக்காது.

மூழ்கிய தொழிலைத் தூக்கி நிறுத்த மார்கரெட் தாட்சர் கண்டுபிடித்த வழி விசித்திரமானது. உள்நாட்டுக் கம்பெனிகளை நம்புவதை விட்டுவிட்டு ஜப்பான்காரர்களை அழைத்தார். அன்று ஐரோப்பா முழுக்க ஜப்பானியக் கார்களைக் கண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. பிரிட்டன் தன் சந்தையில் பதினோரு விழுக்காட்டைத் தாண்டாதபடி ஜப்பானோடு ஒரு கனவான் ஒப்பந்தம் வைத்திருந்தது. பிரான்ஸ் மூன்று விழுக்காட்டுக்கு மேல் விடவில்லை. ஜப்பானிலிருந்து கப்பலில் வரும் ஒவ்வொரு காருக்கும் 10 விழுக்காடு வரி வேறு. தாட்சர் சொன்னது இதுதான்: எங்கள் மண்ணில் ஆலை போடுங்கள், வரியும் கிடையாது, உச்சவரம்பும் கிடையாது, மொத்த ஐரோப்பாவிலும் விற்றுக்கொள்ளலாம்.

நிசான் 1981-லேயே ஆசையைச் சொல்லிவிட்டது. ஆனால் முடிவெடுக்க மூன்று ஆண்டுகள் இழுத்தது. தலைவர் இஷிஹராவுக்கு விருப்பம்; அவருக்கும் மேலே இருந்த சேர்மன் கவாமட்டாவுக்கு விருப்பமில்லை. பிரிட்டிஷ் தொழிற்சங்கங்களின் புகழ் டோக்கியோ வரை எட்டியிருந்தது! கடைசியில் 1984 பிப்ரவரி 1 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. இடம், இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில் உள்ள சண்டர்லாந்து. கப்பல் கட்டியும் நிலக்கரி தோண்டியும் பிழைத்த ஊர். பழைய விமானத் தளம் ஒன்றை ஆலைக்காகக் கொடுத்தார்கள். ஒரே தொழிற்சங்கம் என்ற நிபந்தனையோடு வேலை தொடங்கியது. 1986 ஜூலையில் முதல் புளூபேர்ட் கார் வெளியே வந்தது. செப்டம்பரில் தாட்சர் வந்து திறந்துவைத்தார். அடுத்த இரண்டே ஆண்டுகளில் அந்த ஊரின் கடைசிக் கப்பல் தளம் மூடப்பட்டது. 1993-ல் கடைசி நிலக்கரிச் சுரங்கமும் போனது. அதன்பின் சண்டர்லாந்து என்றால் நிசான்தான்.

புளூபேர்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வரப்போகும் சண்டைக்கு ஒத்திகை அங்கேதான் நடந்தது. 1988-ல் அந்தக் கார்கள் பிரான்சுக்குப் புறப்பட்டபோது பாரிஸ் குறுக்கே விழுந்தது. இது பிரிட்டிஷ் கார் இல்லை, ஜப்பான் கார்தான்; மூன்று விழுக்காட்டு வரம்புக்குள் இதையும் சேர்த்துத்தான் எண்ணுவோம் என்றது. என்ன அளவுகோல்? காரின் மதிப்பில் 80 விழுக்காடு ஐரோப்பியப் பாகங்களாக இருந்தால்தான் அது ஐரோப்பியக் கார் என்றது பிரான்ஸ். 60 போதும் என்றது பிரிட்டன். ஒரு காரைக் கழற்றிப் போட்டு, எந்த நட்டு எந்த ஊரில் செய்தது என்று கணக்குப் பார்க்காத குறை. பிரிட்டன் கூட்டணிக்குள் இருந்ததால் பிரஸ்ஸல்ஸ் வரை போய் வாதாட முடிந்தது. மறு ஆண்டு பிரான்ஸ் இறங்கி வந்தது. உள்ளே உட்கார நாற்காலி இருப்பதன் பயன் அது.

நிசானுக்குப் பின்னால் டொயோட்டாவும் ஹோண்டாவும் வந்தன. இரண்டின் ஆலைகளிலிருந்தும் 1992-ல் கார்கள் வெளிவரத் தொடங்கின. 1993 ஜனவரி 1 முதல் ஒற்றைச் சந்தை. வரி மட்டுமல்ல, எல்லையில் காகிதம் நீட்டும் வேலையும் ஒழிந்தது. கார்த் தொழிலை அடியோடு மாற்றியது அந்த இரண்டாவது சமாச்சாரம்தான்.

எப்படி என்று புரிய ஒரு இரும்புத் துண்டின் பயணத்தைப் பார்க்கலாம். பிஎம்டபிள்யூ, ஆக்ஸ்ஃபோர்டில் மினி கார் தயாரிக்கிறது. 2017 வாக்கில் அதன் எஞ்சினுக்கு வேண்டிய கிராங்க்ஷாஃப்ட் பிரான்சில் வார்க்கப்படும். அங்கிருந்து கடல் தாண்டி இங்கிலாந்தின் வார்விக்ஷயரில் உள்ள ஹேம்ஸ் ஹால் ஆலைக்கு வந்து, துளையிட்டு, கடைந்து, பதமாகும். மறுபடி கடல் தாண்டி ஜெர்மனியின் மியூனிக் போய் எஞ்சினுக்குள் உட்காரும். எஞ்சினாகி மூன்றாவது முறை கடல் தாண்டி ஆக்ஸ்ஃபோர்டு வந்து காருக்குள் இறங்கும். அந்தக் கார் பிரான்சில் விற்றால் நான்காவது பயணம். 2017-ல் பிரிட்டிஷ் பத்திரிகைகள் இதைக் கண்டுபிடித்து எழுதியபோது வாசகர்கள் வாயைப் பிளந்தார்கள். தொழிலில் இருப்பவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எல்லையில் நிற்க வேண்டாம் என்றால், எது எங்கே மலிவாகவும் நன்றாகவும் நடக்குமோ அது அங்கே நடக்கும்.

ஹோண்டாவின் ஸ்விண்டன் ஆலைக்கு ஐரோப்பாவிலிருந்து நாளொன்றுக்கு 350 லாரிகள் வந்தன. பாகங்களை அடுக்கிவைக்கக் கிடங்கு என்று பெரிதாக எதுவும் கிடையாது. லாரியிலிருந்து இறங்கிய பாகம் சிறிது நேரத்தில் அசெம்பிளி லைனுக்குப் போய்விடும். சில பாகங்களுக்குக் கையிருப்பு ஒரு மணி நேரத்துக்குத்தான். எல்லையில் லாரிகள் பதினைந்து நிமிடம் தாமதித்தால் ஆண்டுக்கு 8.5 லட்சம் பவுண்டு நஷ்டம் என்று அந்த நிறுவனம் நாடாளுமன்றக் குழு முன்பு சொன்னது. பிரெக்ஸிட் வந்தால் விழக்கூடிய பத்து விழுக்காட்டு வரியைப் பற்றியே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது, கார்க்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்துக் கவலைப்பட்டார்கள்.

கூட்டணிக்குள் இருந்த காலத்தில் எல்லா ஆலையும் செழித்ததா என்றால், இல்லை. ஃபோர்டு 2002-ல் டேகன்ஹாமில் கார் தயாரிப்பதை நிறுத்தியது. 2005-ல் எம்ஜி ரோவர் கவிழ்ந்து சுமார் 6,000 பேர் தெருவுக்கு வந்தார்கள். 2006-ல் பெஜோ தன் ரைட்டன் ஆலையைப் பூட்டியது. அந்த வேலை கிழக்கு ஐரோப்பாவுக்குப் போய்விட்டது.

நமக்குத் தெரிந்த ஒரு கதையும் இதற்குள் இருக்கிறது. நிசான் மைக்ரா பல ஆண்டுகள் சண்டர்லாந்தில் தயாரான கார். 2010-ல் புதிய மைக்ரா வந்தபோது நிசான் அதை நம் ஒரகடத்துக்குக் கொடுத்துவிட்டது. ஒரகடத்தில் பூட்டிய மைக்ரா எண்ணூர்த் துறைமுகத்தில் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போயிற்று, பிரிட்டனுக்கும்தான். ஆறேழு ஆண்டுகள் கழித்து அதற்கடுத்த மைக்ராவை ஒரகடத்திடமிருந்து எடுத்துப் பிரான்சின் ஃபிளான் ஆலைக்குக் கொடுத்தார்கள். மைக்ரா போனதால் சண்டர்லாந்து அழிந்துவிடவில்லை. அதே 2010-ல் அங்கே ஜூக் வந்தது. ஏற்கெனவே கஷ்காய் ஓடிக்கொண்டிருந்தது.

கார் ஆலையின் ஆயுளைக் கணக்கிடும் முறையே இதுதான். ஒரு மாடலுக்கு ஆறு, ஏழு ஆண்டுகள் வாழ்வு. அது முடிவதற்கு மூன்று, நான்கு ஆண்டுகள் முன்பே அடுத்த மாடல் எந்த ஆலைக்கு என்று யோகோஹாமாவிலோ மியூனிக்கிலோ ஒரு அறையில் முடிவாகும். ஐரோப்பாவில் உள்ள நான்கைந்து ஆலைகள் அந்த ஒரு மாடலுக்குப் போட்டி போடும். தோற்ற ஆலை உடனே சாகாது. கையில் இருக்கும் மாடல் தீரும்வரை ஷிப்ட் ஓடும், போனஸ் கூடக் கிடைக்கும். ஆனால் கதை அன்றே முடிந்துவிட்டது. பிரெக்ஸிட் பிரிட்டிஷ் கார்த் தொழிலை என்ன செய்தது என்று கேட்பவர்கள் மூடிய ஆலைகளை எண்ணுகிறார்கள். அதைவிட, வராமல் போன மாடல்களைத்தான் எண்ண வேண்டும் என்பது என் கட்சி.

2016-ல் நிலைமை பிரமாதமாக இருந்தது. அந்த ஆண்டு பிரிட்டனில் 17.2 லட்சம் கார்கள் தயாராயின. 1999-க்குப் பிறகு அதுவே அதிகம். பத்தில் எட்டு கார் ஏற்றுமதி. அந்த ஏற்றுமதியில் பாதிக்கு மேல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு. சண்டர்லாந்து ஆலை மட்டும் 5 லட்சம் கார்களைத் தாண்டியது. அப்படிப்பட்ட சண்டர்லாந்து, 2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் 61 விழுக்காடு வாக்குகளோடு விலகச் சொன்னது. நள்ளிரவு தாண்டி அந்த முடிவு வெளிவந்ததுமே பவுண்டின் மதிப்பு சரிந்தது. சோறு போடும் ஆலைக்கு எதிராகவே ஓட்டுப் போட்ட முட்டாள்கள் என்று லண்டன் பத்திரிகைகள் சில எழுதின. அந்த ஏளனத்தில் எனக்கு உடன்பாடில்லை. கப்பல் தளமும் சுரங்கமும் போனபோது எட்டிப் பார்க்காத தலைநகரத்துக்கு அந்த ஊர் சொன்ன பதில் அது. ஆலைக்கு வெளியே இருந்த பல்லாயிரம் பேருக்கு நிசான் சம்பளம் வரவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஜப்பான் சும்மா இருக்கவில்லை. அந்த செப்டம்பரிலேயே அதன் அரசு 15 பக்கங்களில் ஒரு கடிதத்தைப் பிரிட்டனுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் பகிரங்கமாக எழுதியது. பணிவான மொழியில் எழுதிய மிரட்டல் என்றே சொல்லலாம்: ஐரோப்பாவின் வாசல் என்று நம்பித்தான் எங்கள் கம்பெனிகள் வந்தன, வாசலை அடைத்தால் யோசிக்க வேண்டியிருக்கும். அக்டோபரில் நிசான் தலைவர் கார்லோஸ் கோன் பிரதமர் தெரசா மேயைச் சந்தித்தார். இரண்டு வாரத்தில் அறிவிப்பு வந்தது: அடுத்த கஷ்காயும் எக்ஸ்-டிரெயிலும் சண்டர்லாந்துக்கே. ஊரே கொண்டாடியது. பேரம் என்ன என்று எதிர்க்கட்சி கேட்டபோது அரசாங்கம் வாயைத் திறக்கவில்லை.

2019 பிப்ரவரி 3 அன்று நிசான் எக்ஸ்-டிரெயிலைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அந்தக் காரை ஜப்பானிலேயே தயாரிக்கப் போவதாகச் சொன்னது. மறுநாள் அரசாங்கம் அன்று நிசானுக்குக் கொடுத்திருந்த கடிதத்தை வெளியிட வேண்டியதாயிற்று. தொழில்துறை அமைச்சர் கிரெக் கிளார்க் 2016-ல் எழுதியது. பிரெக்ஸிட்டால் நிசானின் போட்டித்திறன் கெடாமல் பார்த்துக்கொள்கிறோம் என்ற உறுதிமொழியும், 8 கோடி பவுண்டு வரை உதவி என்ற வாக்கும் அதில் இருந்தன. நிசான் காரணங்களில் ஒன்றாக டீசல் கார்களின் விற்பனைச் சரிவைச் சொன்னது, அது உண்மைதான். கூடவே, ஐரோப்பாவோடு எதிர்கால உறவு தெரியாத நிலை திட்டமிடுவதற்கு உதவவில்லை என்றும் சொன்னது. அதுவும் உண்மை. சண்டர்லாந்துக்கு வராத கார் அதுதான்.

அதே பிப்ரவரி 19 அன்று ஹோண்டா ஸ்விண்டன் ஆலையை 2021-ல் மூடப்போவதாக அறிவித்தது. 3,500 பேர். பிரெக்ஸிட் காரணமில்லை, மின்சாரக் கார் காலத்துக்கு ஏற்ப உலகம் முழுக்க மாற்றி அமைக்கிறோம் என்றது. இந்த விளக்கத்தை நான் பாதிதான் ஏற்கிறேன். தேதியைப் பாருங்கள். 2019 பிப்ரவரி 1 முதல் ஜப்பானுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையே புதிய வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்திருந்தது. அதன்படி ஜப்பானியக் கார் மீதான 10 விழுக்காட்டு வரி படிப்படியாகக் குறைந்து சில ஆண்டுகளில் பூஜ்ஜியமாகும். ஜப்பானிலிருந்தே வரியில்லாமல் அனுப்பலாம் என்றால் வாசலில் கடை எதற்கு? பிரிட்டனோ அந்த வாசலையே அடைப்பதா வேண்டாமா என்று இரண்டரை ஆண்டாகத் தீர்மானிக்காமல் இருந்தது. 2021 ஜூலை கடைசியில் ஸ்விண்டனில் கடைசி கார் இறங்கியது. ஆலை இருந்த நிலம் கிடங்கு கட்டும் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது.

அந்தத் தீர்மானமில்லாத காலத்தின் செலவை 2019 ஏப்ரலில் பார்க்கலாம். விலகும் நாள் மார்ச் 29 என்று குறித்திருந்தார்கள். எல்லையில் குழப்பம் வரும் என்று பயந்து பல ஆலைகள் கோடைகால விடுமுறையை ஏப்ரலுக்கே இழுத்து வைத்துக்கொண்டன. பராமரிப்பு வேலை, ஒப்பந்தக்காரர்கள், தொழிலாளர் லீவு எல்லாம் மாற்றியாயிற்று. கடைசி நேரத்தில் அரசாங்கம் தேதியைத் தள்ளிவைத்தது! அந்த மாதம் பிரிட்டனின் கார்த் தயாரிப்பு முந்தைய ஏப்ரலைவிட 44.5 விழுக்காடு குறைந்தது. நடக்காத ஒன்றுக்காக ஆலைகள் பூட்டிக் கிடந்தன. முதலீட்டுக் கணக்கு இன்னும் மோசம். 2015-ல் 250 கோடி பவுண்டு புதிய முதலீட்டை அறிவித்த தொழில், 2018-ல் 60 கோடியைக்கூட எட்டவில்லை. புதிய மாடல் எங்கே என்று மேசையில் பேசப்பட்ட ஆண்டுகள் அவை.

2020 டிசம்பர் 24 அன்று ஒருவழியாக ஒப்பந்தம் முடிந்தது. வரி இல்லை, உச்சவரம்பு இல்லை என்ற செய்தியோடு கிறிஸ்துமஸ் பிறந்தது. கார்த் தொழில் பெருமூச்சு விட்டது. ஆனால் வரியில்லாச் சலுகை பிரிட்டிஷ் காருக்கு மட்டுந்தானே? எது பிரிட்டிஷ் கார்? 1988-ல் புளூபேர்டைக் கேட்ட அதே கேள்வி. பதில் இந்த முறை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தது: பெட்ரோல், டீசல் கார் என்றால் அதன் மதிப்பில் 55 விழுக்காடாவது பிரிட்டனிலோ ஐரோப்பிய ஒன்றியத்திலோ உருவானதாக இருக்க வேண்டும். இரண்டு பக்கத்துப் பாகங்களையும் சேர்த்து எண்ணலாம் என்பதால் பெரும்பாலான கார்கள் தேறிவிடும். சிக்கல் மின்சாரக் காரில் இருந்தது. அதில் விலையேறிய சாமான் பேட்டரி. பேட்டரியோ ஆசியாவிலிருந்து வருகிறது. அதனால் படிக்கட்டு மாதிரி விதி வைத்தார்கள். 2023 முடிய 40 விழுக்காடு போதும். 2024 முதல் 45. 2027 முதல் 55, பேட்டரியும் இங்கேயே தயாராகியிருக்க வேண்டும்.

2023-ல் இரண்டாவது படி நெருங்கியபோது பேட்டரி ஆலைகள் எங்கே என்று பார்த்தால், வடகிழக்கில் பிளைத் நகரில் கட்டப்போவதாகச் சொன்ன பிரிட்டிஷ்வோல்ட் அந்த ஜனவரியில்தான் கவிழ்ந்திருந்தது. வாக்ஸ்ஹால் ஆலைகளை வைத்திருந்த ஸ்டெலாண்டிஸ், விதியைத் தள்ளிவைக்காவிட்டால் பிரிட்டனில் ஆலை நடத்துவது கட்டுப்படியாகாது என்று நாடாளுமன்றக் குழுவுக்கு எழுதிவிட்டது. ஜெர்மன் கம்பெனிகளும் பிரிட்டனில் விற்பதால் அவையும் கூடக் கத்தின. அதனால்தான் பிரஸ்ஸல்ஸ் இறங்கியது: 2026 கடைசி வரை பழைய 40 விழுக்காடே நீடிக்கும். 1989-ல் பிரிட்டன் தானே வாதாடி வென்ற இடத்தில், இப்போது ஜெர்மானியர்களின் தயவில் மூச்சு வாங்கிக்கொண்டது.

இனி கூட்டிக் கழித்துப் பார்ப்போம். 2022-ல் பிரிட்டன் தயாரித்த கார்கள் 7.75 லட்சம். 1956-க்குப் பிறகு அதுவரை அவ்வளவு குறைவாக ஆனதில்லை. 2024-ல் 7.8 லட்சம். பிரெக்ஸிட்டின் தலையில் எல்லாவற்றையும் கட்ட முடியாது. பெருந்தொற்று, சிப் தட்டுப்பாடு, டீசல் மோசடி, மின்சாரத்துக்கு மாறும் தடுமாற்றம் எல்லாம் எல்லா நாட்டுக்கும் பொது. ஜெர்மனியின் தயாரிப்பும் 2016-லிருந்து 2024-க்குள் 57 லட்சத்திலிருந்து 41 லட்சத்துக்கு வந்துவிட்டது. பிரான்ஸ் கூட்டணிக்குள் இருந்துகொண்டே பெரும்பங்கை இழந்திருக்கிறது. ஆனாலும் ஜெர்மனி இழந்தது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பிரிட்டன் பாதிக்கு மேல். வாக்ஸ்ஹால் 1905 முதல் இருந்த லூட்டன் நகரின் ஆலை 2025 மார்ச்சில் பூட்டப்பட்டதற்கு ஸ்டெலாண்டிஸ் சொன்ன காரணம் பிரெக்ஸிட் அல்ல, மின்சார வாகன விதிகள்.

பிரிட்டனின் அடையாளமாகச் சொல்லப்படும் லேண்ட் ரோவர் டிஃபெண்டர் இன்று தயாராவது ஸ்லோவாக்கியாவின் நிட்ரா நகரில். டாடாவின் ஜாகுவார் லேண்ட் ரோவர் (ஜேஎல்ஆர்) அந்த ஆலையை 2015-லேயே தீர்மானித்துவிட்டது, வாக்கெடுப்புக்கு முன்பே. மலிவான கூலிக்காகப் போட்ட ஆலை, பின்னால் கூட்டணிக்குள் வைத்த கால் போலவும் உதவியது.

விலகியதால் ஆதாயமே இல்லையா? உண்டு. 2025-ல் அமெரிக்கா கார்களுக்கு வரியை ஏற்றியபோது பிரிட்டன் தனியாகப் பேசி, ஆண்டுக்கு ஒரு லட்சம் கார்கள்வரை 10 விழுக்காடு என்று முடித்துக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 15. அதே ஆண்டு ஜூலையில் இந்தியாவோடு கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, நூறு விழுக்காட்டுக்கும் மேலிருந்த நம் கார் வரி, குறிப்பிட்ட எண்ணிக்கைவரை படிப்படியாக 10-க்கு இறங்கும். இரண்டிலும் முதலில் லாபம் பார்க்கப்போவது ஜேஎல்ஆர் போன்ற விலையுயர்ந்த கார்க்காரர்கள். சண்டர்லாந்தின் கஷ்காய் நம்பியிருப்பது இன்னமும் ஆங்கிலக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் உள்ள நடுத்தரக் குடும்பங்களைத்தான்.

நிசான் சண்டர்லாந்தைக் கைவிடவில்லை. பக்கத்திலேயே ஏஇஎஸ்சியின் புதிய பேட்டரி ஆலை, புதிய லீஃப் மின்சாரக் கார் என்று பணம் இறக்கியிருக்கிறது. டாடாவும் சாமர்செட்டில் 400 கோடி பவுண்டுக்குப் பேட்டரி ஆலை கட்டுகிறது. பெரும் அரசு உதவி கொடுத்துத்தான் இவற்றை வரவழைத்தார்கள். ஒற்றைச் சந்தை இருந்த காலத்தில் வாசலைக் காட்டினால் வந்தவர்களுக்கு, இப்போது வரிப்பணத்தைக் காட்ட வேண்டியிருக்கிறது. நாற்பது விழுக்காட்டுச் சலுகை 2026 டிசம்பர் 31 அன்று முடிகிறது.

அடுத்த வாரம் ஆஸ்திரேலியாவுக்குப் போவோம். எந்தக் கூட்டணியிலிருந்தும் விலகாமலே, தாராளமாக வரியை இறக்கிவிட்டு, 2017 அக்டோபரோடு பெருமளவிலான கார்த் தயாரிப்பை மொத்தமாக முடித்துக்கொண்ட நாடு அது.